டச்சு மாடுகள்: ஊசியா, உளியா?

கேட்டவரின் கேள்வியைச் சுருக்கமாக முதலில் சொல்லிவிடுகிறேன். தாத்தாவின் பெட்டியிலிருந்து ஒரு சிறிய அச்சுப் படம் கிடைத்திருக்கிறது. ஓடையோரம் இரண்டு மாடுகள், கொஞ்சம் ஆடுகள், கழுதைமேல் ஒரு பெண், பின்னால் இடிந்த வளைவு. கீழே ஒரு மூலையில் ‘பெர்ஹெம்’ என்றும் இன்னொரு மூலையில் ‘விஸ்ஸர்’ என்றும் இருக்கிறது. இது யார் செய்தது, பேனாவால் வரைந்ததா அச்சடித்ததா, அசல்தானா, டச்சுக்காரர்கள் எதற்கு இத்தனை மாடுகளை வரைந்து தள்ளினார்கள் என்று கேட்டிருக்கிறார்.

நான்கு கேள்விகள் போலத் தெரிந்தாலும் ஒன்றைப் பிடித்தால் மற்றவை தானாக வரும். இந்தப் படங்களைச் செம்புத் தகட்டில் கோடுகளைப் பள்ளமாக்கி, பள்ளத்தில் மை நிரப்பி, தாளை அழுத்தி அச்சடிப்பார்கள். அந்தக் கோடு தகட்டில் எப்படி விழுந்தது என்று பாருங்கள். அதைக் கண்டுபிடித்துவிட்டால் செய்தவர் யார், எதற்காகச் செய்தார் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

செம்பில் கோடு போட 17-ஆம் நூற்றாண்டில் முக்கியமாக இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று என்கிரேவிங். பியூரின் என்ற சிறிய எஃகு உளியைப் பிடியோடு உள்ளங்கையில் வைத்து, முன்னால் தள்ளித் தள்ளிச் செம்பைச் சீவி எடுப்பது. வளைவு வேண்டுமென்றால் கையைத் திருப்புவதைவிட, மணல் நிரப்பிய தோல் மெத்தைமேல் தகட்டைத்தான் திருப்புவார்கள். கோடு மெல்லியதாகத் தொடங்கி நடுவில் பருத்து மறுபடி மெலிந்து முடியும். டச்சு நகரமான ஹார்லெமின் ஹென்ட்ரிக் கோல்ட்சியுஸ் இதில் அசுரன். ஆனால் பல வருடம் கை பழகாமல் பியூரின் வழிக்கு வராது. அது தொழிலாளியின் கருவி. ஓவியர் நினைத்தவுடன் எடுத்துக் கிறுக்கக்கூடியது இல்லை.

இன்னொன்று எட்சிங். நம் ஓவியக் கல்லூரிகளிலும் அப்படியே சொல்கிறோம், அதனால் நானும் மொழிபெயர்க்கப் போவதில்லை. தகட்டின்மேல் மெழுகும் பிசினும் நிலக்கீலும் கலந்த பூச்சைத் தடவி, புகை பிடித்துக் கறுப்பாக்கி, அதன்மேல் ஊசியால் வரைய வேண்டும். ஊசி செம்பைக் குடைவதில்லை, பூச்சை மட்டும் விலக்குகிறது. அப்புறம் அமிலத்தில் இட்டால், திறந்த இடத்தை அமிலம் அரித்துவிடும். எட்சிங் என்ற சொல்லே டச்சு மொழியின் ‘எட்சன்’ என்பதிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. அதன் வேரில் ‘தின்ன வைத்தல்’ என்ற பொருள் இருக்கிறது. துரு தின்றுவிட்டது என்று நாமும் சொல்கிறோமே, அதேதான். அமிலத்துக்கு டச்சுக்காரர்கள் வைத்த பெயர் ‘ஸ்டெர்க் வாட்டர்’, அதாவது வலுத்த தண்ணீர்.

ஊசி பூச்சின்மேல் பென்சில்போல வழுக்கிப் போகும். அதனால் வரையத் தெரிந்த எந்த ஓவியரும் ஒரு மாதத்தில் எட்சிங் செய்துவிடலாம், சுமாராகவாவது. மாட்டு ஓவியர்கள் தாங்களே தகட்டில் இறங்கியதற்குக் காரணம் இந்த வசதிதான். செம்மறியின் கம்பளி, கழுதையின் வயிற்றடி மயிர், கன்றின் நெற்றிச் சுழி, சேறு காய்ந்து ஒட்டிய தொடை இவற்றுக்கெல்லாம் சின்னச் சின்ன ஒழுங்கற்ற கோடுகள் வேண்டும். பியூரினால் கம்பளியைச் செதுக்கினால், எவ்வளவு திறமைசாலி செய்தாலும், கொஞ்சம் வலை பின்னியதுபோல ஒழுங்காகத்தான் விழும்.

அதற்காகப் பியூரின் மாட்டைத் தொடவே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். லூக்காஸ் வான் லைடன் 1510-இலேயே ‘பால்காரி’ என்ற தகட்டைப் பியூரினால் செதுக்கினார். பதின்பருவம்கூடத் தாண்டியிருக்க மாட்டார். பண்ணையாள் ஒருவன், பால் கறக்க வந்த பெண் ஒருத்தி, இருவருக்கும் இடையில் மாடுகள். மேலோட்டமாகப் பண்ணைக் காட்சிதான். ஆனால் கறத்தல் என்ற சொல்லுக்கு அக்கால டச்சுப் பேச்சில் மயக்கி வளைத்தல் என்ற கள்ளப் பொருளும் உண்டு, பார்த்தவர்கள் சிரித்திருப்பார்கள். அங்கே பசு ஒரு சாடைப் பேச்சுக்குத் துணையாக நிற்கிறது. நூறு வருடம் கழித்து அதே பசு தனக்காகவே நிற்க ஆரம்பித்ததுதான் நாம் பேசும் கதை.

அதைத் தொடங்கி வைத்தவர்களில் முக்கியமானவர் ஹார்லெம்காரர் பீட்டர் வான் லார். ரோமுக்குப் போய்த் தெருவோரக் காட்சிகளையும் குதிரை லாடக்காரர்களையும் வரைந்து பெயர் வாங்கினார். உடல்வாகைப் பார்த்து அங்கே ‘பம்போச்சோ’, அதாவது கோமாளிப் பொம்மை, என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். அவர் 1636-இல் ரோமில் எட்டுத் தகடுகளில் விலங்குகளை வெளியிட்டார். மாடு, ஆடு, குதிரை, நாய், பன்றி, கழுதை. கதை கிடையாது, புராணம் கிடையாது. அந்த எட்டுத் தாள்கள் வடக்கே வந்து சேர்ந்த பிறகு ஹார்லெமிலும் ஆம்ஸ்டர்டாமிலும் இளைஞர்களுக்கு அது ஒரு பாடப் புத்தகம் ஆகிவிட்டது.

புத்தகம் என்ற சொல்லை வேண்டுமென்றேதான் போட்டேன். இந்தப் படங்களை நாம் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிப் பழகிவிட்டோம். செய்தவர்கள் மனதில் இருந்தது அது அல்ல. ஆறு, எட்டு, பத்துத் தாள்களை ஒரு தொகுப்பாக்கி முகப்புத் தாளோடு விற்றார்கள். வாங்கியவர்களில் சேகரிப்பவர்கள் இருந்தார்கள். மாடு வரையத் தெரியாத ஓவியர்களும் வரையப் பழகும் பையன்களும்கூட வாங்கினார்கள். டெல்ஃப்ட் நகரத்துப் பீங்கான் ஓவியர்களும் இவற்றைப் பார்த்து நீல நிறத்தில் ஓடுகளிலும் தட்டுகளிலும் போட்டார்கள். பெர்ஹெமின் ஒரு தொகுப்பு முகப்பில், ‘உயிரோடு பார்த்து வரைந்து வலுநீரால் செம்பில் பதித்த விலங்குகள்’ என்ற பொருளில் லத்தீனில் எழுதியிருக்கும். உயிரோடு பார்த்து வரைந்தது என்பதுதான் விளம்பரம்.

சரி, ஏன் மாடு? பணம்தான் முதல் காரணம், அதை மறைப்பதில் பயனில்லை. வடக்கு ஹாலந்தில் ஏரிகளைக் காற்றாலை வைத்து இறைத்து நிலமாக்கினார்கள். பேம்ஸ்டர் ஏரி 1612-இல் வற்றி ஏறக்குறைய 7,000 ஹெக்டேர் நிலம் கிடைத்தது. தாழ்வான பகுதிகளில் இருந்த கரிச்சேற்று நிலமோ ஈரம் போகாமல், வருடா வருடம் கொஞ்சம் உள்ளிறங்கிக்கொண்டே இருக்கும். தானியத்துக்கு ஆகாது, புல்லுக்கு அருமை. தானியத்தைப் பால்டிக் கரையிலிருந்து கப்பலில் வரவழைத்துவிட்டு, இவர்கள் வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் விற்றார்கள். டென்மார்க்கிலிருந்து ஒவ்வொரு வசந்தத்திலும் எலும்பும் தோலுமான எருதுகள் வரும். கோடை முழுக்க மேய்ந்து கொழுக்கும். நவம்பரில் வெட்டுவார்கள். நவம்பருக்கு டச்சு மொழியில் பழைய பெயரே ‘வெட்டு மாதம்’. ரெம்பிராண்ட் 1643-இல் செய்த ‘பன்றி’ எட்சிங்கையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். கால்களைக் கட்டிப் போட்டிருக்கிறார்கள், பன்றி படுத்துக் கிடக்கிறது, பின்னால் குடும்பம் சிரித்துக்கொண்டு நிற்கிறது. அந்தப் பன்றியின் கண்ணைப் பார்த்த பிறகு மேய்ச்சல் காட்சிகளை முழு நிம்மதியோடு பார்க்க முடிவதில்லை, எனக்கு.

அந்த எருதுச் சந்தைகளில் ஒன்று நடந்த துறைமுக ஊர் எங்க்ஹவுசன். பவுலுஸ் பொட்டர் பிறந்ததும் அங்கேதான், 1625-இல். தந்தையும் ஓவியர். டெல்ஃப்ட், ஹேக், ஆம்ஸ்டர்டாம் என்று அலைந்து, 1654 ஜனவரியில், 28 வயதில் செத்துப்போனார். உங்கள் படம் அவருடையது அல்ல. ஆனாலும் இவரைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன், என்னைப் பொறுத்தவரை இந்த வகையில் இவருக்கு இணை கிடையாது.

எல்லாருக்கும் தெரிந்தது ஹேக் நகரின் மவுரிட்ஸ்ஹவுஸில் இருக்கும் அவருடைய ‘இளங்காளை’, 1647-இல் வரைந்த எண்ணெய் ஓவியம். கிட்டத்தட்ட உயிர் அளவு, அகலம் மூன்று மீட்டருக்கு மேல். பிரெஞ்சுப் படை 1795-இல் பாரிசுக்கு அள்ளிப்போன ஓவியங்களில் அதுவும் ஒன்று. நெப்போலியன் வீழ்ந்தபின் 1815-இல்தான் திரும்பி வந்தது. மாடு தெரிந்தவர்கள் உற்றுப் பார்த்தால் கொம்பு ஒரு வயதையும் உடற்கட்டு வேறொரு வயதையும் சொல்கின்றன என்பார்கள். பல விலங்குகளைப் பார்த்து ஒன்றாக ஒட்டியிருக்கிறார். பிரமாண்டம்தான், ஆனால் எனக்கு அதைவிட 1650-இல் அவர் வெளியிட்ட எட்டு எட்சிங்குகள் மேல். ஒவ்வொன்றும் ஏறக்குறைய அஞ்சலட்டை அளவு. ஒரு காளை நிற்கிறது. ஒரு பசு படுத்திருக்கிறது. ஒன்று குனிந்து மேய்கிறது. நமக்கு முதலில் உறுத்துவது திமில் இல்லாத முதுகுதான், நேர்க்கோடாக ஓடும். அந்த நேர்க்கோட்டை வைத்தே இடுப்பெலும்பு எங்கே முட்டுகிறது, வயிறு எங்கே தொங்குகிறது, அலைதாடி எப்படி மடிகிறது என்று காட்டிவிடுகிறார். வெளிச்சம் விழும் பக்கத்தில் கோடே இருக்காது. வெறும் தாள். அந்த வெறும் தாள்தான் வெயிலில் பளபளக்கும் தோல்.

1652-இல் குதிரைகளை வைத்து ஐந்து தகடுகள் செய்தார். முதலில் கொழுத்த ஃபிரிஸியக் குதிரை. நடுவில் கனைக்கும் குதிரை, உழைக்கும் குதிரைகள். கடைசித் தாளில் எலும்பு துருத்திய கிழட்டுக் குதிரை ஒன்று நிற்கிறது, அருகே இன்னொன்று செத்துக் கிடக்கிறது. ஒரு வரிகூட எழுதாமல் ஒரு குதிரையின் முழு வாழ்க்கையையும் சொல்லிவிட்டார். செய்யும்போது அவருக்கு வயது 26 அல்லது 27.

உங்கள் படத்துக்கு வருகிறேன். நிக்கோலாஸ் பெர்ஹெம் (1620–1683) ஹார்லெம்காரர். பாத்திரமும் ரொட்டியும் மீனுமாக மேசைக் காட்சிகள் வரைந்து புகழ்பெற்ற பீட்டர் கிளாஸின் மகன். பொட்டரின் மாடு ஹாலந்தின் ஈரப் புல்வெளியில் நிற்கும். பெர்ஹெமின் மாடு இத்தாலிய மாலை வெயிலில் நிற்கும். படத்தில் இடிந்த வளைவு, மலை, கழுதை, கோவேறு கழுதை, தலையில் துணி கட்டிய பெண் இருந்தால் அது இத்தாலிய பாணி என்று தைரியமாகச் சொல்லலாம். ஹாலந்தில் மலை ஏது? ஊருக்குள் வாடைக் காற்றில் உட்கார்ந்திருந்த வியாபாரிகளுக்கு அந்த வெயில் தேவைப்பட்டது. நன்றாக விற்றது.

பெர்ஹெம் தன் கையாலேயே செய்த எட்சிங்குகள் ஐம்பதைத் தாண்டும். ‘தண்ணீர் குடிக்கும் பசு’, ‘மூத்திரம் போகும் பசு’ என்றெல்லாம் பட்டியல்களில் பெயர் இருக்கும். கூச்சப்பட வேண்டாம், அருங்காட்சியகங்கள் அப்படியேதான் அழைக்கின்றன. ஆனால் அவர் பெயர் தாங்கிய அச்சுப் படங்களில் அவர் தகட்டைத் தொடாதவைதான் மிக அதிகம். அவருடைய ஓவியத்தையோ கோட்டுப்படத்தையோ பார்த்து வேறு கைவினைஞர்கள் தகட்டில் ஏற்றினார்கள். அப்படி அதிகமாக ஏற்றியவர்களில் ஒருவர் யான் டெ விஸ்ஸர். அவருடைய அண்ணன் கொர்னேலிஸ் விஸ்ஸரும் கெட்டிக்காரர். தூங்கும் பூனையும் அதன் பின்னால் எட்டிப் பார்க்கும் எலியுமாக அவர் செதுக்கிய ‘பெரிய பூனை’யைப் பார்க்காமல் விடாதீர்கள்.

ஆக, கீழே உள்ள பெயர்களை மட்டும் படித்தால் போதாது, பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் லத்தீன் வால்களையும் படிக்க வேண்டும். ‘இன்வெனிட்’ அல்லது ‘இன்வ்’ என்றிருந்தால் காட்சியைக் கற்பனை செய்தவர். ‘பின்க்ஸிட்’ என்றால் ஓவியமாகத் தீட்டியவர், ‘டெலினியாவிட்’ என்றால் கோட்டுப்படம் வரைந்தவர். ‘ஸ்கல்ப்ஸிட்’ என்பது தகட்டில் செதுக்கியவர். ‘ஃபெசிட்’ அல்லது வெறும் ‘எஃப்’ என்பது ‘செய்தார்’, இங்கே பொதுவாகத் தகட்டு வேலையைச் செய்தார் என்று பொருள். ‘எக்ஸ்குடிட்’ அல்லது ‘எக்ஸ்க்’ என்று வந்தால் அவர் வெளியிட்டவர், தகட்டுக்குச் சொந்தக்காரர், ஒரு கோடுகூடப் போட்டிருக்க வேண்டியதில்லை. உங்கள் தாளில் பெர்ஹெம் பக்கத்தில் ‘இன்வெனிட்’, விஸ்ஸர் பக்கத்தில் ‘ஃபெசிட்’ இருந்தால் விஷயம் முடிந்தது. காட்சி பெர்ஹெமுடையது, கோடு விஸ்ஸருடையது. விஸ்ஸருக்குப் பின்னால் ‘எக்ஸ்குடிட்’ மட்டும் இருந்தால் அவர் வேறு ஆளாகக்கூட இருக்கலாம். ஆம்ஸ்டர்டாமில் வரைபடங்கள் அச்சிட்டு விற்ற விஸ்ஸர் குடும்பம் ஒன்றும் இருந்தது.

இந்த வித்தியாசத்துக்குப் பெரிய மதிப்பு ஏற்படுத்திக் கொடுத்தவர் வியன்னா அரசவை நூலகத்தில் அச்சுப் படங்களைக் காத்துவந்த ஆடம் பார்ட்ஷ். 1803 முதல் 1821 வரை 21 தொகுதிகளில், தாங்களே தகட்டில் வேலை செய்த ஓவியர்களை மட்டும் வரிசைப்படுத்தினார். முதல் தொகுதியிலேயே வான் லார், பொட்டர், டுஜார்டின், ஆட்ரியான் வான் டெ ஃபெல்டெ எல்லாரும் வந்துவிடுகிறார்கள். இன்றும் ஏலப் பட்டியல்களில் ‘பி’ என்ற எழுத்தும் ஓர் எண்ணும் இருந்தால் அது அவர் கொடுத்த எண்தான். பார்த்துச் செதுக்கியவர்களை இரண்டாம் தரமாகத் தள்ளிவிட்டதில் பார்ட்ஷுக்கும் பங்கு உண்டு என்பது என் புகார். யான் டெ விஸ்ஸரின் நல்ல அச்சு ஒன்றில் மரக்கிளை வழியாக ஒளி கசிவதைப் பார்த்தால் அந்தத் தீர்ப்பு கொஞ்சம் அவசரம் என்று தோன்றும்.

டுஜார்டின் பெயர் வந்ததால் ஒரு வார்த்தை. காரெல் டுஜார்டின் சுமார் ஐம்பது தகடுகள் செய்தார், பெரும்பாலும் 1650-களில். அவருடைய பன்றிகளும் கழுதைகளும் வெயிலில் சோம்பிக் கிடப்பதைப் பார்த்தால் நமக்கும் கொட்டாவி வரும். இது வெறும் பேச்சு அல்ல. ஆம்ஸ்டர்டாமில் பழகிய ஜெர்மானியர் யோஹான் ஹைன்ரிஹ் ரோஸின் ஆட்டு எட்சிங்குகளை 1824-இல் நண்பரிடம் காட்டிய கவிஞர் கதே, இவற்றைப் பார்க்கும்போது எனக்குப் பயமாக இருக்கிறது, அந்த மந்தமான கனவு நிலை என்னையும் இழுத்துக்கொள்கிறது, நானே விலங்காகிவிடுவேனோ என்று தோன்றுகிறது என்ற பொருளில் சொன்னார்.

ஆட்ரியான் வான் டெ ஃபெல்டெ, கடல் ஓவியர் வில்லெமின் தம்பி, 36 வயதுக்குள் முடிந்துபோனவர். அவருடைய படுத்த மாடுகளின் நிழலை மட்டும் தனியாகப் பாருங்கள், அவ்வளவு மென்மை.

இனி அசலா இல்லையா என்பது. பூதக்கண்ணாடி எடுத்துக்கொள்ளுங்கள். கோடு ஒழுங்கான சின்னப் புள்ளிகளாக உடைந்தால் அது புத்தகத்திலிருந்து வெட்டிய புகைப்பட அச்சு, அங்கேயே நிறுத்திவிடலாம். கோடு முழுசாக இருந்து, மை தாளின்மேல் துளி எழும்பி நிற்பதுபோலத் தெரிந்தால் நல்ல அறிகுறி. அழுத்தத்தில் தாள் தகட்டுப் பள்ளத்துக்குள் இறங்கி மையை அள்ளி வருவதால் அப்படி. கோட்டின் முனை மொட்டையாக, ஒரே தடிமனில் இருந்தால் எட்சிங். ஊசிபோலக் கூர்மையாக முடிந்தால் பியூரின். விஸ்ஸர் இரண்டையும் கலப்பவர், எட்சிங்கில் தொடங்கி இருட்டான இடங்களைப் பியூரினால் ஆழப்படுத்துவார். தூரத்து மலை வெளிறியும் முன்னால் நிற்கும் மாடு கறுத்தும் இருப்பதற்கு அமிலமும் ஒரு காரணம். சிறிது நேரத்திலேயே தகட்டை அமிலத்திலிருந்து எடுத்து, மலைமேல் பூச்சு பூசி மூடிவிட்டு, மாட்டை மட்டும் மேலும் கொஞ்ச நேரம் தின்ன விடுவார்கள்.

வானத்தில் காரணமில்லாமல் சில புள்ளிகள் இருந்தாலும் கவலை வேண்டாம். பூச்சில் ஓட்டை விழுந்து அமிலம் கசிந்த இடம். மாணவனாக நான் செய்த முதல் தகட்டில் எண்ணெய்ப் பிசுக்கைச் சரியாகத் துடைக்காமல் பூச்சு தடவிவிட்டேன். வரைந்தது ஒரு வெள்ளாடு, வெளியே வந்தது அம்மை போட்ட வெள்ளாடு. அதோடு எல்லாம் இடவலம் மாறி அச்சாகும் என்பதையும் மறந்து பெயரை நேராகவே எழுதி வைத்திருந்தேன். பழைய டச்சுப் படங்களிலும் மேய்ப்பன் இடக்கையில் கோல் பிடித்திருந்தால் அவன் இடக்கைக்காரன் என்று முடிவு கட்டாதீர்கள்.

அடுத்து தாள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் நெருக்கமான கம்பி வரிகளும் அவற்றுக்குக் குறுக்கே இடைவெளி விட்ட வரிகளும் தெரிய வேண்டும். கந்தல் துணிக்கூழைக் கம்பிச் சல்லடையில் அள்ளியதன் தடம் அது. வரியே இல்லாத வழவழப்பான தாள் 18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் இங்கிலாந்தில் புழக்கத்துக்கு வந்தது. அப்படி இருந்தால் உங்கள் படம் பிற்காலத்தியது. வரி இருப்பதாலேயே பழையது என்றும் சொல்லிவிட முடியாது, அந்த வகைத் தாளைப் பிறகும் செய்தார்கள். சுற்றிலும் தகட்டின் அழுத்தப் பள்ளம் இருக்கிறதா என்றும் பாருங்கள், ஆனால் அதையும் முழுதாக நம்ப வேண்டாம். 19-ஆம் நூற்றாண்டில் பாரிசில் அமான் துரான் என்பவர் பழைய எட்சிங்குகளைப் புகைப்பட முறையில் மறுபடி செம்பில் ஏற்றி அச்சடித்தார். பள்ளமும் உண்டு, எழும்பிய மையும் உண்டு. நல்ல கண்களே ஏமாந்திருக்கின்றன.

அசல் தகட்டிலிருந்து வந்திருந்தாலும் எப்போது வந்தது என்ற கேள்வி மிச்சம் இருக்கும். தகடு கை மாறும். ஓவியர் இறந்த பிறகு வெளியீட்டாளர் வாங்குவார், தன் பெயரையும் எண்ணையும் மூலையில் சேர்ப்பார், தேய்ந்த கோட்டை யாரையாவது வைத்து ஆழப்படுத்துவார், நூறு வருடம் ஓட்டுவார். அதனால்தான் சேகரிப்பவர்கள் எண்ணும் வெளியீட்டாளர் முகவரியும் சேர்ப்பதற்கு முன்பு தகட்டிலிருந்து எடுத்த அச்சுக்கு அலைகிறார்கள். தேய்ந்த தகட்டின் அச்சில் மாட்டின் நிழல்பக்கம் சாம்பல் திட்டாகிவிடும், மயிர் தனித்தனியாகத் தெரியாது. ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியம் தன் அச்சுப் படங்களைப் பெரிய அளவில் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. விஸ்ஸர், பெர்ஹெம் இரண்டு பெயரையும் போட்டுத் தேடி, உங்கள் படத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிழலிலும் மூலை எழுத்திலும் வித்தியாசம் தெரியும்.

விலையைப் பற்றிக் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்: மற்றவர் பார்த்துச் செதுக்கியவை, அதுவும் பின்னாள் அச்சுகள், பெரிய தொகைக்குப் போவதில்லை. விற்க அவசரப்படாதீர்கள். சட்டத்தைப் பிரிக்கும்போது பின்னால் பழுப்பேறிய அட்டையோடு தாள் ஒட்டியிருந்தால் இழுக்க வேண்டாம், தண்ணீரும் காட்ட வேண்டாம். ஒட்டாமல் வந்தால், மூலை எழுத்துகளையும் வெளிச்சத்தில் பிடித்த தாளையும் தனித்தனியாகப் படம் எடுத்துப் போடுங்கள். ‘எக்ஸ்குடிட்’டுக்கு முன்னால் என்ன பெயர் இருக்கிறது என்று பார்த்துவிட்டு மேலே பேசலாம்.